தூண்டில் உபதேசம்

அண்மைக்காலமாக எமது இலக்கிய ஒன்றுகூடல்களில் ஒரு வாசகம் அடிக்கடி காதில் விழுகிறது. 'மீனைக் கொடுக்காதே, தூண்டிலைக் கொடு' என்பதே அது. அஸ்வெசும பற்றிப் பேச்செடுத்தால் போதும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் எழுந்து இதைச் சொல்லி, அரசாங்கம் கொடுத்துக் கொடுத்தே நமது சனங்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது என்று முடிப்பார். கைதட்டலும் கிடைக்கும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

கிழக்குக் கரையோரத்தில் இருந்துகொண்டு தூண்டிலைப் பற்றி உபதேசிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. இங்குள்ளவனுக்கு மீன் பிடிக்கத் தெரியும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது, தோணியைக் கரையில் இழுத்துவைத்தவனுக்குத் தொழில் மறந்துபோகவில்லை. கடலுக்குப் போய்வரும் செலவு பிடித்த மீனின் விலையை விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். அவனிடம் போய் "சோம்பேறி" என்று சொல்லிப் பார்க்கட்டும்.

நமது உபதேசிகள் மறந்துவிட்ட சங்கதி ஒன்றுண்டு. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்திராவிட்டால் அவர்களில் எத்தனை பேர் அதிபர்களாகியிருப்பார்கள்? அவர்கள் பாடசாலைக்குப் போன அன்று, "உன் வாப்பாவுக்கு எத்தனை ஏக்கர் வயல்? வீட்டுக்கு ஓடா, கிடுகா?" என்று கேட்டு எவரும் புள்ளி போடவில்லை. போடியாரின் மகனும் கூலிக்காரனின் மகனும் ஒரே வாங்கில் இருந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். இன்று அவர்கள் கைக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியமும் திறைசேரியிலிருந்துதான் வருகிறது. நானும் அதைத்தான் வாங்குகிறேன். அதை வாங்கியதால் நாங்கள் எவரும் சோம்பேறிகளாகவில்லையாம். ஏழைக்குக் கொடுத்தால் மட்டும் அவன் கெட்டுப்போய்விடுவானாம்.

எல்லோருக்கும் என்று கொடுத்ததே இந்நாட்டில் நிலைத்திருக்கிறது. 'உண்மையான ஏழைக்கு மட்டும்' என்று சுருக்கியது தேய்ந்துகொண்டே போயிருக்கிறது. கூப்பன் அரிசியின் கதையைப் பாருங்கள். யுத்த காலத்தில், 1942இல் தொடங்கிய பங்கீட்டு அரிசி எல்லா வீட்டுக்கும் போனது. 1953இல் கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். எல்லோரது சட்டியிலும் அந்த அரிசி வெந்ததால்தான் எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். பின்பு அது மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்றாகி, 1979இல் உணவு முத்திரையாயிற்று. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே நிற்க, சாமான் விலை ஏறிக்கொண்டே போனது. சில ஆண்டுகளுக்குள் அதன் பெறுமதி ஏறத்தாழ அரைவாசியாகியது. அப்போது ஹர்த்தால் எதுவும் நடக்கவில்லை. ஏழையின் முத்திரை தேய்ந்தால் மற்றவனுக்கு என்ன?

பின்னர் 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி. சமுர்த்திக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. வேண்டியவன் பெயர் பட்டியலில் ஏறியதையும், உண்மையில் இல்லாதவன் வெளியே நின்றதையும் ஆய்வுகளும் காட்டின, நாமும் கண்டோம். அதற்கு மருந்தாகவே அஸ்வெசும வந்ததென்றார்கள். 2002இல் நிறைவேறிய நலன்புரி நன்மைகள் சட்டத்துக்கு 2023இல்தான் உயிர் வந்தது. கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு என்று 22 குறிகாட்டிகள். அரசியல்வாதியின் கையிலிருந்த பட்டியல் கணினிக்குப் போனது நல்லதுதான். ஆனால் கணினிக்கு என்ன தெரியும்? 2004 சுனாமியில் எல்லாம் போய், பின்பு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்த ஒரு விதவையை நினைத்துப் பாருங்கள். அந்தக் கல்வீடு புள்ளிக் கணக்கில் அவளுக்கு எதிராகவே பேசும். வீட்டைப் பார்த்தவர் அடுப்பைப் பார்ப்பதில்லை. இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தது சும்மாவா?

ஸகாத் ஏழையின் உரிமை, பிச்சையல்ல என்று மேடைகளில் முழங்குகிறோம். இறங்கி வந்ததும் அரசின் கொடுப்பனவைப் பிச்சை என்கிறோம். இந்த இரட்டை நாக்கு எழுதுகிறவர்களுக்கு அழகல்ல. நமது கதைகளில் ஏழை எப்போதும் பொறுமைசாலி, அல்லது குடிகாரன். உரிமையைக் கேட்டுப் பிரதேச செயலக வாசலில் சண்டை போடும் ராத்தா ஒருத்தியை நான் இன்னும் வாசிக்கவில்லை.

வறுமையைக் குறைக்க வேண்டுமானால் யார் தகுதியானவன் என்ற இந்த விசாரணையைச் சுருக்க வேண்டும். எல்லாப் பாடசாலைப் பிள்ளைக்கும் பகல் உணவு. 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், ஓய்வூதியம் இல்லாவிட்டால், ஒரு கொடுப்பனவு. எந்தத் தொகையானாலும் சாமான் விலையோடு அதுவும் ஏறவேண்டும். ஏறாத தொகை வெட்டப்பட்ட தொகைதான்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டி, வருமான வரியிலும் கைவைத்து, வசதியுள்ளவர்களுக்கு அள்ளிக் கொடுத்தபோது இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது? திறைசேரி வறண்டது. பிறகு 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமாகி, சவர்க்காரக் கட்டி வாங்கப்போன தோணிக்காரனின் தலையிலும் விழுந்தது. 2019இல் சலுகை பெற்றவர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று எந்த ஒன்றுகூடலிலும் எவரும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.