நாணுதற்குரியார் யார்?

ஆடித் திங்களில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையைக் கண்டவர் நம்முள் பலர். பர்கூர் மலைமாடும், காங்கேயம் காளையும், குதிரையும் அங்கே நிரைநிரையாய்க் கட்டப்பட்டிருக்கும். வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழியை எண்ணுவர், திமிலைத் தட்டுவர், நடக்கவிட்டு நோக்குவர், பின்னர்த் தரகரோடு துண்டுக்குள் கைவைத்து விரல்பிடித்து விலை பேசுவர். இதிற் குற்றம் யாதுமில்லை. மாடு மாடாகவே நோக்கப்படுகின்றது. மனிதரையும் இங்ஙனம் நோக்கலாமோ என்று எவரேனும் வினவின், ‘இஃதென்ன கேள்வி!’ என்று முகஞ்சுளிப்போம். ஆயினும் அந்நோக்கமே இன்று நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியில் இராப்பகலாய் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. சந்தையில் மாட்டைப் பார்ப்பவனாவது அஃது எவ்வூரது, எவர் பட்டியது என்று கேட்டறிவான். கைப்பேசியில் ஒரு பெண்ணின் உடலைப் பார்ப்பவனோ, அவள் பெயர் யாது, மனமொப்பி வந்தாளா, மிரட்டப்பட்டு வந்தாளா என்று ஒன்றும் கேளான்.

ஆபாசப் படங்களைப் பற்றிக் கலாசாலை மலரில் எழுதுதல் முறையோ என்று சிலர் ஐயுறலாம். பேசத்தகாதவற்றைப் பேசாதிருத்தலே பண்பு என்பது நம் முன்னோர் வழக்கு. அவ்வழக்கை யாம் இகழவில்லை. ஆனால், இவ்விஷயத்தில் நமது மௌனம் நன்மக்களைக் காத்ததா, தீயோரைக் காத்ததா என்பதை ஆராய்ந்து பார்த்தல் கடமையாகும். ஆராயுமிடத்து, நம் நாட்டார் நாணத்தைப் போற்றினரேனும், அந்நாணத்தைச் சுமக்கவேண்டியவர்மீது சுமத்தாமல், சுமக்கவேண்டாதவர்மீது சுமத்திவந்தனர் என்பது புலனாகும். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

திருவள்ளுவர் நாணுடைமை என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் தொடக்கத்திலேயே இருவகை நாணத்தை வேறு பிரித்துக் காட்டினார். தகாத செயல் குறித்து உள்ளம் கூசுதல் ஒன்று. பெண்டிர்க்கு இயல்பென்று சொல்லப்படும் கூச்சம் மற்றொன்று. அவ்வதிகாரம் முழுதும் அவர் போற்றுவது முன்னதையே. நாமோ பின்னதையே பிடித்துக்கொண்டு முன்னதை நழுவவிட்டோம். பெண்ணின் தாவணி நழுவினால் ஊரே நாணுகின்றது; அவளை ஒளிந்திருந்து படமெடுத்தவன் நாணுவதில்லை; அப்படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கண்டவர் நாணுவதேயில்லை.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. நம் கொங்கு நாட்டுப் பொள்ளாச்சியில் 2019 பிப்ரவரித் திங்களில் ஒரு கல்லூரி மாணவி காவல் நிலையத்தை அடைந்து முறையிட்டாள். அவ்வொரு முறையீட்டால் ஒரு பெருங்கொடுமை வெளிப்பட்டது. இளம்பெண்களோடு நட்புப் பூண்டு, அவர்களைத் தனியிடத்துக்கு அழைத்துச் சென்று, வன்கொடுமை செய்து, அதனைப் படமாக்கி, அப்படத்தைக் காட்டியே மீண்டும் மீண்டும் அச்சுறுத்தி வந்தனர் ஒரு கூட்டத்தார். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025 மே 13ஆம் நாள் கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பதின்மருக்கும் சாகும்வரைச் சிறைத்தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. விசாரணையிற் சாட்சியம் அளித்தோருள் ஒருவரும் பிறழவில்லை என்பது நாம் பெருமையோடு நினைவிற் கொள்ளத்தக்கது.

அக்கொடியோரின் கையிலிருந்த படைக்கலம் யாது? கத்தியா, துப்பாக்கியா? இரண்டுமன்று. அப்பெண்களின் நாணமே அவர்களுக்குப் படைக்கலமாயிற்று. ‘இப்படம் வெளிப்பட்டால் உன் தாய் தந்தையர் என் செய்வர்? உன்னை யார் மணப்பர்?’ என்னும் அச்சமே அப்பெண்களின் வாயை அடைத்தது. அக்கத்தியைத் தீட்டிக் கொடுத்தவர் யார்? நாமே. கெட்டவன் செய்த செயலுக்குக் கெடாதவள் நாணவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிக்கொடுத்த நம் ஊர்களும், உறவினரும், பள்ளிகளும், ஆலயங்களுமே அக்கத்திக்குச் சாணை பிடித்தோம்.

மற்றுமொன்று. 2019 மார்ச்சுத் திங்களில் ஒரு பெண் ‘அண்ணா’ என்று அழைத்து மன்றாடிய குரல் தமிழகமெங்கும் கைப்பேசிகளிற் பரவிற்று. அண்ணன் என்பது கொங்கு நாட்டில் முன்பின் அறியாதவரையும் நம்பி அழைக்கும் சொல். அந்நம்பிக்கை சிதைந்த ஓசையைக் கேட்டுக் கண்ணீர் விட்டோர் பலர். மாணவர்கள் வீதிக்கு வந்து கிளர்ச்சி செய்தனர். அவர்களைப் பாராட்டுகின்றோம். ஆயினும் சினத்தாலேயே ஆயினும் அதனைப் பிறருக்கு அனுப்பிய ஒவ்வொருவரும் அவளது துன்பத்தை மீண்டும் ஒருமுறை அரங்கேற்றினர் அல்லரோ? முறையிட்டவளின் பெயரை மறைத்துக் காக்கவேண்டிய அதிகாரிகளே வெளிப்படுத்திவிட்டனர். அதற்காக 25 லட்சம் ரூபாய் வழங்குமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அவ்வாண்டிலேயே ஆணையிட நேர்ந்தது.

இனி, இக்கொங்கு நாட்டிலேயே நிகழ்ந்த மற்றொன்றையும் இதனோடு வைத்து எண்ணுவோம். தமிழ்ப் பேராசிரியர் பெருமாள்முருகன் 2010இல் எழுதிய ‘மாதொருபாகன்’ என்னும் நாவல், மகப்பேறில்லாத தம்பதியரின் துயரையும் திருச்செங்கோட்டுத் திருவிழாவையும் பற்றியது. அது தம் ஊரையும், தெய்வத்தையும், பெண்டிரையும் இழிவுபடுத்துகின்றது, ஆபாசமானது என்று 2014 இறுதியில் எதிர்ப்பு எழுந்தது, நூல் கொளுத்தப்பட்டது, கடைகள் அடைக்கப்பட்டன. 2015 ஜனவரியில் ஆசிரியர் தாம் எழுத்தைத் துறந்ததாக அறிவித்தார். 2016 ஜூலை 5ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், நூலை முழுமையாக நோக்கின் அது ஆபாசமன்று என்றும், விரும்பாதவர் அதனைப் படியாது விடலாம் என்றும் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் எழுதுமாறு வேண்டிற்று.

ஊர்ப்பெருமை குறித்து மனம் நொந்தவரை யாம் ஏளனம் செய்யவில்லை. நொந்தது மெய்யே. ஆயினும் ஒரு கற்பனைப் பெண்ணின் பொருட்டுக் கடையடைத்த நாம், நம் தெருவில் நடமாடும் மெய்யான பெண்கள் அச்சத்தால் வாயடைத்து நின்றபோது என் செய்தோம்? அவருள் ஒருத்தி துணிந்து வந்து சொல்லும்வரை நமக்குச் செவி இல்லாதுபோயிற்றே! காமத்தைப் பேசும் எழுத்தெல்லாம் ஆபாசமாயின் தமிழில் எஞ்சுவது எது? எட்டு மங்கையரை மணந்த சீவகன் கதையைப் பாடிய திருத்தக்கதேவர் சமண முனிவர். பெருங்கதை பாடிய கொங்குவேளிரை நம் விசயமங்கலத்தோடு சார்த்திக் கூறுவர். திருக்குறளிலும் மூன்றிலொரு பால் காமத்துப்பால். இவையெல்லாம் காதலரை மனிதராகவே காட்டுகின்றன. அவர்தம் நெஞ்சை நமக்குத் திறக்கின்றன. ஆபாசப் படமோ நெஞ்சை மூடி உடலைத் திறக்கின்றது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஆடையின் அளவில் இல்லை, நோக்கத்தில் உள்ளது.

சட்டமும் இவ்வுண்மையை மெல்ல மெல்லவே உணர்ந்தது. 1868இல் இங்கிலாந்து நீதிபதி ஒருவர் வகுத்த அளவுகோல், ஒரு நூல் படிப்போர் மனத்தைக் கெடுக்குமா என்பதொன்றையே கேட்டது. 1964இல் நம் உச்சநீதிமன்றமும் அதனையே தழுவிற்று; 2014இல் அதனைக் கைவிட்டது. அவ்வளவுகோல் பார்ப்பவன் கெடுவானா என்று கவலைப்பட்டதேயன்றிப் பார்க்கப்பட்டவள் என்ன ஆனாள் என்று கேட்கவில்லை. 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், சிறார் ஆபாசப் படத்தைப் பதிவிறக்கித் தனியே பார்த்தல் மட்டும் குற்றமாகாது என்று ஒரு வழக்கைத் தள்ளிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அத்தகைய படத்தை அழிக்காமலும் அறிவிக்காமலும் வைத்திருத்தல் குற்றமாகும் என்றது. ‘சிறார் ஆபாசப் படம்’ என்னும் பெயரையே விடுத்து, சிறாரைப் பாலியலிற் சுரண்டிக் கொடுமை செய்ததைக் காட்டும் பொருள் என்று அதனை வழங்கவேண்டும் என்றும் அறிவுறுத்திற்று. இது வெறும் சொல்மாற்றமன்று. படத்தைப் பார்த்த கண்ணிலிருந்து, படத்தில் அகப்பட்ட குழந்தையிடம் சட்டம் திரும்பி நோக்கிய நாள் அது.

சமயங்கள் இதனைப் பண்டே கண்டன. இயேசுபெருமான் மலைப்பிரசங்கத்தில் இச்சையோடு நோக்குதலைப் பற்றிப் பேசுங்கால், குற்றத்தை நோக்கியவன் நெஞ்சில் வைத்தார். நோக்கப்பட்ட பெண்ணின்மேல் ஒரு சொல்லும் வைத்தாரில்லை. பிடுங்கவேண்டுவது பார்த்தவன் கண் என்றாரேயன்றி, அவள் வீட்டுக்குள் அடைபடவேண்டும் என்றாரில்லை. விபசாரத்திற் பிடிபட்டவள் என்று ஒருத்தியைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தியபோது, அவர் குனிந்து தரையில் எழுதினார் என்று யோவான் சுவிசேஷம் கூறும். எழுதியது யாதென ஆய்ந்தோர் பலர். எல்லார் கண்ணும் அவள்மேல் இருந்த வேளையில் ஒருவர் மட்டும் தம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார் என்பதே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. திருக்குர்ஆன் பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் ஆடவருக்கே கட்டளையிடுகின்றது. பின்னரே மகளிர்க்குக் கூறுகின்றது. வள்ளுவரும் பிறனில் விழையாமை என்னும் அதிகாரத்தில், பிறன் மனைவியை நாடாது பார்வையை அடக்குதலையே ஆண்மையின் உச்சி என்பர். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஆபாசப் படங்கள் அவற்றிற் பங்குகொள்வோரின் மாண்பைச் சிதைத்து, ஒருவரைப் பிறர் இன்பத்துக்கும் ஊதியத்துக்கும் உரிய பொருளாக்குகின்றன என்று கண்டிக்கின்றது. மதங்கள் பலவாயினும் இவ்விடத்துக் குரல் ஒன்றே.

இங்கே ஒருசாரார் தடை எழுப்புவர். ‘வயது வந்தோர் தாமே இசைந்து நடிக்க, வயது வந்தோர் தம் அறையில் தனித்திருந்து காண்பதால் எவர்க்கு என்ன கேடு?’ என்பர். இத்தடை எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. தனியறைக்குள் அரசு நுழைதல் நன்றன்று என்பதை யாமும் ஒப்புகின்றோம். 2015இல் மத்திய அரசு 857 வலைத்தளங்களை முடக்க ஆணையிட்டுச் சில நாட்களுக்குள் அதனைத் தளர்த்தியது. தடை மட்டும் இந்நோய்க்கு மருந்தாகாது என்பதற்கு அதுவும் ஒரு பாடம். ஆயினும் இசைந்தனர் என்று காண்பவன் எங்ஙனம் அறிவான்? 2020 டிசம்பரில், உலகிற் பெரிய ஆபாசத் தளங்களுள் ஒன்று, பதிவேற்றியவர் இன்னார் என உறுதிப்படாத படங்களையெல்லாம் நீக்க முற்பட்டபோது, தன்னிடமிருந்தவற்றுட் பெரும்பகுதியை நீக்கவேண்டியதாயிற்று. விற்பவனுக்கே தெரியாதது வாங்குபவனுக்குத் தெரியுமோ? இசைந்து நடித்த படமும், பொள்ளாச்சியில் எடுக்கப்பட்டது போன்ற படமும் ஒரே திரையில், ஒரே ஒளியில், ஒரே விரலசைவில் வந்து நிற்கின்றன. திருட்டுப் பொருளும் நேர்ப்பொருளும் கலந்து குவிந்த கடையில், கேள்வி கேளாது வாங்குவேன் என்பவனை நாம் நல்லவன் என்போமா?

மாணவ நண்பர்காள்! இதனைப் படிப்போருள் இப்பழக்கத்திற் சிக்கி, விட முயன்றும் விடமாட்டாது, தம்மைத் தாமே வெறுத்துக்கொண்டிருப்போர் இருக்கலாம். அவரைச் சபிப்பதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. இருளில் தனித்திருந்து வெட்கப்படுதல் பழக்கத்தை ஒழிப்பதில்லை, வளர்க்கின்றது. நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியரிடமோ, குருவிடமோ, மருத்துவரிடமோ, மூத்த நண்பரிடமோ சொல்லுங்கள். சொல்லிய அன்றே பாரத்திற் பாதி இறங்கும். இரவிற் கைப்பேசியைப் படுக்கைக்கு வெளியே வைத்தல் போன்ற சிறு வேலிகளும் பயன்தரும். வீழ்ந்தவன் எழலாம் என்பதே நற்செய்தியின் சாரமன்றோ?

ஆனால், எவரேனும் ஒரு பெண்ணின் படத்தை உங்கட்கு அனுப்பினால், அதனைப் பாராதீர், பகிராதீர், அனுப்பியவனிடம் நேரே சொல்லுங்கள், இஃது ஆண்மைக்கு இழுக்கென்று. நண்பர் குழுவில் ஒருவன் எதிர்த்துச் சொல்லின் மற்றையோர்க்கும் துணிவு பிறக்கும். படமெடுத்து மிரட்டப்படும் சகோதரிகளுக்கு யாம் சொல்லுவது இது: நீங்கள் நாணுதற்குரியீர் அல்லீர். 1930 என்னும் எண்ணில் இணையக் குற்றங்களை முறையிடலாம். குழந்தைகளுக்கு 1098 உண்டு. பெற்றோரே, உங்கள் மகள் அழுதுகொண்டு வரும் நாளில், ‘ஏன் போனாய்?’ என்று கேட்பதற்கு முன், ‘நாங்கள் இருக்கின்றோம்’ என்று சொல்லுங்கள். அவ்வொரு சொல் போதும். மிரட்டுவோன் கையிலுள்ள கத்தி அக்கணமே முனைமழுங்கும்.

நாணம் நல்லது. அது நம் நாட்டின் பழஞ்செல்வம். அதனை இழத்தல் வேண்டா. அதனை உரியவரிடம் சேர்ப்பித்தலே வேண்டுவது. படத்திற் சிக்கியவள் தலைநிமிர்ந்து நடக்கவும், படமெடுத்தவனும் அதனைத் தேடிப் பார்த்தவனும் தலைகுனியவும் நேரும் நாளிலேதான், நாணுடைய நாடு என்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்ளும் உரிமை பெறுவோம்.