விளக்கு மங்கினால் பாட்டரி மேல் பழி போடாதீர்கள்

இருட்டிய பிறகு மாம்பழச் சாலையிலிருந்து காவிரிப் பாலத்தில் ஏறும் ஸ்கூட்டர்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சிலது எதிரில் வருபவர் கண்ணைக் கூச வைக்கிற வெள்ளை வெளிச்சத்தோடு வரும். சிலது எண்ணெய் தீரப்போகிற அகல் மாதிரி மினுக்கிக்கொண்டு போகும். மினுக்குகிற வண்டியில் பெரும்பாலும் நம் வயதுக்காரர்தான் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "பாட்டரி வீக் சார், மாத்தணும்" என்பார். மாற்றியும் விடுவார். வெளிச்சம் அப்படியேதான் இருக்கும்.

ஸ்கூட்டரில் எது மங்கினாலும் பாட்டரியை மாற்றச் சொல்வது இன்று ஒரு பழக்கமாகிவிட்டது. இது தப்பு என்பது என் கருத்து. அளந்து பார்ப்பது முதல் வேலை. மாற்றுவது கடைசி வேலை.

நம்மில் பலர் 1972-ல் வந்த பஜாஜ் சேட்டக்கை வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கினவர்கள். அந்தப் பழைய ஸ்கூட்டர்களின் ஹெட்லைட்டுக்கு பாட்டரியே கிடையாது. எஞ்சினோடு சுற்றும் மேக்னெட்டின் காயிலிலிருந்து நேராக விளக்குக்கு மின்சாரம் வரும். எஞ்சின் வேகமாக ஓடினால் பளிச், மெதுவானால் மங்கல். மேடு பள்ளம் வந்தால் கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை முறுக்கி வெளிச்சம் வரவழைத்து, பள்ளத்தைப் பார்த்துவிட்டுப் போவோம். பிறகு செல்ஃப் ஸ்டார்ட்டும் பாட்டரியும் வந்தன. ஆனால் ஆக்டிவா போன்ற வண்டிகளின் பழைய மாடல்களிலும் ஹெட்லைட் மட்டும் அதே காயில் கரண்டில்தான் எரிகிறது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், செல்ஃப் இவைதான் பாட்டரியின் பொறுப்பு. எல்.இ.டி. ஹெட்லைட்டோடு வரும் இப்போதைய வண்டிகளின் கணக்கு வேறு.

ஆகவே முதல் கேள்வி: எது மங்குகிறது? சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மட்டும் குறைந்து, முறுக்கினால் கூடுகிறதென்றால், பழைய மாடலுக்கு அது சுபாவம். அதற்குப் புது பாட்டரி வாங்குவது, தலைவலிக்குச் செருப்பை மாற்றுவது போல. ஹாரன் தொண்டை கட்டி, இண்டிகேட்டர் சோம்பி, செல்ஃபும் இழுக்காவிட்டால் பாட்டரியைச் சந்தேகிக்கலாம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பாட்டரி 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் பெரும்பாலும் நல்ல பாட்டரி. எஞ்சினை ஓட்டிச் சற்று முறுக்கினால் 13.5-லிருந்து 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் காயிலோ ரெகுலேட்டரோ ஒயரோ வேலை செய்யவில்லை. புது பாட்டரி போட்டாலும் சில வாரத்தில் அதுவும் படுத்துவிடும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பல்ப் மாற்றி மாற்றிப் போகிற வண்டிகளில் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வெளிச்சம் இல்லையென்றால், என் அனுபவத்தில் குற்றவாளி எர்த். கரண்ட் பல்புக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். அது திரும்பும் வழி வண்டியின் பாடியும் ஒரு சின்ன போல்ட்டும்தான். அந்த போல்ட்டில் துரு, கப்ளரில் பச்சைக் களிம்பு என்றால் வழி அடைபடும். 35 வாட் பல்ப் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். துருவில் அரை ஓம் தடை இருந்தாலே ஒன்றேகால் வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். சாதாரண பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். சின்ன துருதானே என்று விடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

எங்கள் தெரு நண்பர் ஒருவர் ஒரே வருடத்தில் இரண்டு பாட்டரி வாங்கினார். கடைசியில் முன் மூடியைக் கழற்றி, எர்த் போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கியதும் விளக்கு எரிந்தது. செலவு ஒரு டீ.

சோதிப்பது சுலபம். பல்பின் எர்த் முனையிலிருந்து ஒரு தனி ஒயரை எஞ்சினின் வெறும் இரும்பில் தொட்டுப் பாருங்கள். வெளிச்சம் கூடினால் பழைய எர்த் கெட்டிருக்கிறது. நின்ற இடத்தில் ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்புங்கள். விளக்கு மினுக்கினால் கழுத்துப் பக்கம் ஒயர் முறிந்திருக்கிறது. பிரேக்கை அழுத்தும்போது இண்டிகேட்டரும் லேசாக எரிந்தால் அதுவும் எர்த் கோளாறுதான். வாட்டர் சர்வீஸுக்கு அடுத்த நாள் தொந்தரவு தொடங்கினால் கப்ளரில் தண்ணீர் போயிருக்கும்.

இதையெல்லாம் பார்க்காமல் கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பை வாங்கி மாட்டுவது இப்போதைய நாகரிகம். பழைய ரிஃப்ளெக்டர் சாதா பல்பின் இழை இருக்கும் இடத்துக்காகச் செய்தது. அதில் எல்.இ.டி. வைத்தால் வெளிச்சம் தெருவில் விழாமல் நாலாபுறமும் சிதறி எதிரில் வருபவர் கண்ணில் விழும். அந்தக் காலத்தில் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டச் சொன்னார்களே, எதிராளியும் வீடு போய்ச் சேர வேண்டும் என்றுதானே? அதிக வாட் பல்ப் போடுவதும் வேண்டாம். ஒயர் சூடாகும், ஹோல்டர் உருகும்.

"பாட்டரி மிச்சமாகும்" என்று ஹெட்லைட்டை அணைத்துக்கொண்டு போகும் பெரியவர்களையும் பார்க்கிறேன். காயில் கரண்டில் எரிகிற விளக்கை அணைத்தால் பாட்டரியில் ஒன்றும் மிச்சமாகாது. 2017 ஏப்ரல் 1 முதல் வரும் இரு சக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடினாலே விளக்கு எரியும்படி அரசாங்கமே விதி செய்திருக்கிறது. நாம் தெருவைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, லாரிக்காரர் நம்மைப் பார்ப்பதற்கும் அந்த விளக்கு வேண்டும்.

நமக்கு இது இரட்டிப்பு முக்கியம். வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்கிறார்கள். அதிலும் துருப்பிடித்த போல்ட் ஒரு பங்கைத் தின்றுவிட்டால், மார்கழி விடியலில் திருவானைக்கோவில் பக்கம் நடுத்தெருவில் படுத்திருக்கும் கறுப்பு மாட்டை எப்படிப் பார்ப்பது?

பி.எச்.இ.எல்.லிலும் பொன்மலையிலும் முப்பது வருடம் மீட்டர் பிடித்த கைகள் இந்த ஊரில் ஏராளம். அவர்களே மெக்கானிக் சொன்னதும் பர்ஸைத் திறக்கிறார்கள். அடுத்த முறை "பாட்டரி போச்சு" என்று யாராவது சொன்னால், "எத்தனை வோல்ட் காட்டுது? எர்த் பாத்தாச்சா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக் உடனே மீட்டரை எடுப்பார். எடுக்காதவரிடம் வண்டியை விடாதீர்கள்.