பொது என்னும் பொறுப்பு

நுழையும்முன்

வீட்டு வாயிலைக் கடந்து அடியெடுத்து வைக்கும் ஒவ்வொருவரும் பொதுவெளியின் குடிமக்களே. பேருந்து, நூலகம், மருத்துவமனை, திருவிழா, மலைப்பாதை என அவ்வெளி விரிந்து கிடக்கிறது. அங்கே நாம் பிறர்க்குக் காட்டும் மதிப்பு அவர்தம் பாதுகாப்பாக மாறுகிறது. நாம் காட்டும் அலட்சியம் அவர்தம் அச்சமாக மாறுகிறது. அண்டை நகரங்களான திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகியவற்றின் வாழ்வை முன்வைத்து இக்கருத்தை ஆராய்கிறது இக்கட்டுரை.

‘பொது’ என்னும் சொல்லுக்கு நம் வழக்கில் இரண்டு பொருள்கள் உலவுகின்றன. எல்லார்க்கும் உரியது என்பது ஒன்று. எவர்க்கும் உரியதன்று என்பது மற்றொன்று. அகராதி முதற்பொருளையே தரும். தெருவோ பலவேளைகளில் இரண்டாம் பொருளையே நமக்குக் காட்டுகிறது. தம் வீட்டுத் திண்ணையில் எச்சில் உமிழாத ஒருவர் பேருந்து நிலையத்தில் தயங்காமல் உமிழ்கிறார். தம் வீட்டுப் பெண்களிடம் ஒரு சொல்லையும் அளந்து பேசும் இளைஞர், கூட்ட நெரிசலில் அந்த அளவுகோலை மறந்துவிடுகிறார். பொதுவிடத்தை உரிமையாளர் இல்லாத இடமாகக் கருதும் மனநிலையே இவ்விரண்டிற்கும் வேர். அந்த வேரைக் களையாமல் பொதுவெளியின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

கொடையால் பிறந்த பொதுவெளி

தமிழர் வாழ்வில் பொதுவிடம் புதிதன்று. ஊரார் கூடும் இடத்தை மன்றம் என்றும் பொதியில் என்றும் சங்க இலக்கியங்கள் சுட்டுகின்றன. ஆனால், அன்றைய மன்றமும் பிற்காலச் சாவடியும் எல்லா மக்களுக்கும் ஒரேபடியாகத் திறந்திருக்கவில்லை. சாதியின் பெயராலும் பாலின் பெயராலும் பலர் அவற்றின் விளிம்பிலேயே நிறுத்தப்பட்டனர். கோயில் நுழைவுக்கும் பொதுக்கிணற்றுக்கும் பொதுச்சாலைக்கும் இந்நாட்டில் போராட வேண்டியிருந்தது. ஆகவே, இன்று நாம் இயல்பாக நடந்துசெல்லும் பொதுவெளி, முன்னோர் பலர் போராடியும் வழங்கியும் நமக்குத் தந்த சொத்தாகும்.

அத்தகைய கொடைக்கு இராசபாளையத்திலேயே சான்று உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய பூ. ச. குமாரசாமி ராஜா, தாம் பிறந்த இவ்வூரில் தமக்கிருந்த இல்லத்தையே மக்களுக்கென வழங்கினார். அதுவே காந்தி கலை மன்றமாயிற்று. ஒருவருடைய வீடு ஊராருடைய மன்றமாக மாறிய இந்நிகழ்வு நமக்கு உணர்த்துவது யாது? பொதுவிடம் என்பது எவருமற்ற இடமன்று. ஒருவர் தம் வீட்டைப் போலப் பேணியதைப் பிறரும் தம் வீட்டைப் போலப் பேணுவர் என்னும் நம்பிக்கையில் ஒப்படைக்கப்பட்ட இடம்.

திருவில்லிபுத்தூரில் 1875ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பென்னிங்டன் நூலகம் மற்றுமொரு சான்று. அந்நாளில் இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அம்மாவட்ட ஆட்சியராக இருந்தவரின் பெயரைத் தாங்கிய இந்நூலகம் நூற்றைம்பது ஆண்டு வரலாறு உடையது. ஆட்சி மாறியது, மாவட்ட எல்லைகள் மாறின, ஊர் 1985இல் புதிய மாவட்டத்தின் பகுதியாயிற்று. எத்தனையோ தலைமுறையினர் வந்து படித்துச் சென்றபின்னும் நூலகம் நூலகமாகவே நிற்கிறது.

இருவகை மௌனம்

நூலகத்தில் நுழையும் ஒருவர் தம் குரலைத் தாமே தாழ்த்திக்கொள்கிறார். அங்கே காவலர் எவரும் தடியுடன் நிற்பதில்லை. எதிரே அமர்ந்திருப்பவர் படிக்க வந்திருக்கிறார் என்னும் எண்ணம் ஒன்றே அவரை அடக்குகிறது. அதே மனிதர் பேருந்தில் ஏறியதும் கைப்பேசியின் ஒலியைக் கூட்டுகிறார்; முதியவர் நிற்கக் கண்டும் காணாதவர்போல் அமர்ந்திருக்கிறார். மனிதர் மாறவில்லை, எதிரில் இருப்பவரின் நோக்கத்தை எண்ணிப் பார்க்கும் பழக்கமே படிக்கட்டில் இறங்கிவிட்டது.

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இவ்வழியில் ஓடும் பேருந்துகளில் பள்ளி, கல்லூரி மாணவியர் செல்கின்றனர்; நூற்பாலைகளில் பணிமுறை முடித்த பெண்கள் திரும்புகின்றனர்; மருத்துவமனைக்குச் செல்லும் முதியோர் இருக்கின்றனர். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு நோக்கம் இருக்கிறது. அந்த நோக்கம் நிறைவேற வேண்டுமானால் பயணம் அச்சமற்றதாக இருத்தல் வேண்டும்.

அச்சம் புகுந்தால் என்ன நேர்கிறது? பேருந்தில் தொல்லைக்கு உள்ளான மாணவி பெரும்பாலும் அதனை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் தொல்லை கொடுத்தவனைத் தடுப்பதற்கு மாறாகத் தன் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சுகிறாள். “அந்த நேரத்தில் ஏன் சென்றாய்?” என்னும் வினா அவளை நோக்கியே வருகிறது. “அவன் ஏன் அவ்வாறு செய்தான்?” என்னும் வினா எவரையும் நோக்கி எழுவதில்லை. குற்றம் ஒருவனுடையது, தண்டனை மற்றொருவருக்கு. ஒரு பேருந்துப் பயணம் ஒரு பெண்ணின் பட்டத்தையும் பணியையும் வாழ்க்கையையும் பறித்துவிடக்கூடும் என்பதை உணர்ந்தால், இது சிறு குறும்பு என்று கடந்து செல்ல எவர்க்கும் மனம் வாராது.

இங்கேதான் பேருந்தில் உள்ள மற்றவர்களின் பங்கு தொடங்குகிறது. நூலகத்தில் நாம் காக்கும் மௌனம் மதிப்பின் அடையாளம். கண்ணெதிரே ஒருவர் துன்புறுத்தப்படும்போது நாம் காக்கும் மௌனம் துன்புறுத்துவோனுக்குத் தரும் உடன்பாடு. தவறு செய்பவன் ஒருவன். கண்டும் காணாதிருப்போர் நாற்பதின்மர். அவன் துணிவு அவனிடமிருந்து பிறப்பதன்று. அந்த நாற்பதின்மரிடமிருந்து கடனாகப் பெறுவது. நண்பர் குழுவில் ஒருவன் தகாத சொல் சொல்லும்போது சிரிக்க மறுக்கும் முதல் மாணவன், அந்தக் கடனைத் தர மறுப்பவன் ஆகிறான்.

கண்ணோட்டம்

திருவள்ளுவர் ‘கண்ணோட்டம்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். இன்று அச்சொல்லைக் கருத்துநிலை என்னும் பொருளில் வழங்குகிறோம். வள்ளுவர் வழக்கில் அது பிறரைப் பார்க்கும்போது கண்ணில் தோன்றும் இரக்கத்தையும் கனிவையும் குறித்தது. அவர் இவ்வதிகாரத்தை அரசியலில், ஆள்வோர்க்குரிய பண்புகளோடு வைத்தார் என்பது கருதத்தக்கது. மக்களாட்சியில் ஆள்வோர் மக்களே. எனவே, பேருந்தில் பயணம் செய்யும் ஒவ்வொரு குடிமகனுக்கும் கண்ணோட்டம் கடமையாகிறது.

பார்வை வெறும் பார்வைதானே, அது எவ்வாறு குற்றமாகும் என்று கேட்போர் உளர். உற்றுப் பார்ப்பவனுக்கு அது நொடிப்பொழுது. பார்க்கப்படுபவளுக்கு அது முழுப் பயணம். தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் 2022ஆம் ஆண்டு செய்யப்பெற்ற திருத்தம் இதனை ஏற்றுக்கொண்டது. பெண் பயணிகளை முறைத்துப் பார்த்தல், சீழ்க்கையடித்தல், கண்சிமிட்டுதல், தகாத சைகை காட்டுதல் ஆகியவற்றைச் செய்வோரைப் பேருந்திலிருந்து இறக்கிவிடவோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ அவ்விதிகள் வழிசெய்கின்றன. உதவுவதுபோல் பெண் பயணியைத் தொடுவதைத் தவிர்க்குமாறு நடத்துநர்க்கும் அவை கட்டளையிடுகின்றன.

சட்டமும் சமூகமும்

1998ஆம் ஆண்டு சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இத்தகைய துன்புறுத்தலால் உயிரிழந்தார். அவ்வாண்டே தமிழ்நாட்டில் அதற்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. தொடக்கத்தில் அச்சட்டம் இக்கொடுமையைக் ‘கேலி’ என்னும் சொல்லாலேயே குறித்தது. பின்னர், பெண்களுக்குத் துன்பம் விளைவித்தலைத் தடைசெய்யும் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இப்பெயர் மாற்றம் சிறு செய்தியன்று. கேலி என்பது செய்பவன் பக்கம் நின்று சொல்லும் சொல். துன்பம் என்பது அதனைப் பட்டவர் பக்கம் நின்று சொல்லும் சொல். கல்வி நிறுவனம், கோயில், பேருந்து நிலையம், திரையரங்கு முதலிய இடங்களின் பொறுப்பாளர்களுக்கும் தடுக்கும் கடமை உண்டு என்று அச்சட்டம் உரைக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டோரைக் காக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உள்ளது. பெண்களுக்கு 181, சிறார்க்கு 1098, அவசர உதவிக்கு 112 ஆகிய தொலைபேசி எண்கள் உள்ளன.

இத்தனை சட்டங்கள் இருக்கும்போது நாம் என்ன செய்ய வேண்டும், காவல்துறை பார்த்துக்கொள்ளாதா என்று சிலர் வினவலாம். சட்டம் நிகழ்ந்த குற்றத்தைத் தண்டிக்கும். நிகழவிருக்கும் குற்றத்தைத் தடுப்பது அருகில் நிற்கும் மனிதரின் ஒரு சொல். “தம்பி, தள்ளி நில்லுங்கள்” என்று ஒரு முதியவர் சொல்லும் சொல்லுக்கு உடனடி ஆற்றல் உண்டு. “அம்மா, நீங்கள் இங்கே வந்து அமருங்கள்” என்று ஒருவர் இடம் தரும்போது துன்புற்றவருக்குத் தனிமை நீங்குகிறது. அதே வேளையில், எல்லாப் பொறுப்பையும் பயணிகளின் நல்லியல்பின்மேல் சுமத்துவதும் முறையன்று. விளக்கெரியாத நிறுத்தமும், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையும், குறித்த நேரத்தில் வாராத கடைசிப் பேருந்தும் பாதுகாப்பின்மையின் முகங்களே. அவற்றைச் சீர்செய்தல் நிருவாகத்தின் கடமை; சீர்செய்யுமாறு கேட்டல் குடிமக்களின் உரிமை.

முட்டுக்கட்டையின் பயன்

ஆடிப்பூரத் திருநாளில் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பெருந்தேர் வீதியுலா வருகிறது. வடம் பிடிப்போர் பல்லாயிரவர். அவர்கள் கண்ணில் எளிதில் படாதவர்கள், சக்கரத்தின் அருகே கட்டையுடன் நடக்கும் சிலர். தேரைத் திருப்பவும் தடுத்து நிறுத்தவும் அவர்களே வல்லவர்கள். ஒரு செயலைத் தடுப்பவரை ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்று பழித்துப் பேசுவது நம் வழக்கம். ஆனால், தேரோட்டத்தில் முட்டுக்கட்டையே உயிர் காக்கும் கருவி. பொதுவெளியின் விதிகளும் அத்தகையனவே. வரிசையில் நில்லுங்கள் என்னும் சொல்லும், இவ்வழி செல்லாதீர்கள் என்னும் தடுப்பும் நம் விரைவைக் குறைக்கின்றன. நம் உயிரைக் காக்கின்றன.

விதியும் ஏற்பாடும் தவறிய இடங்களில் நாடு பெற்ற பாடம் கொடியது. 1992ஆம் ஆண்டு கும்பகோணம் மகாமக நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசியதால் பதினொருவர் மாண்டனர். திருவில்லிபுத்தூரை ஒட்டிய மேற்குத்தொடர்ச்சி மலையில் உள்ள சதுரகிரியிலும் 2015ஆம் ஆண்டு மே மாதம் ஓடையில் திடீர் வெள்ளம் பெருகிப் பக்தர் சிலர் உயிரிழந்தனர். மலையில் பெய்யும் மழை, அடிவாரத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலால், வனத்துறையினர் ‘இன்று செல்ல வேண்டா’ என்று தடுக்கும்போது அது பக்திக்கு இடையூறன்று, பக்தருக்கு அரண்.

அக்காடு மனிதர்க்கு மட்டும் உரிய பொதுவெளியும் அன்று. 1988இல் சாம்பல்நிற அணில்களுக்கான காப்பகமாக அறிவிக்கப்பெற்ற இப்பகுதி, 2021இல் மேகமலையோடு இணைத்துப் புலிகள் காப்பகம் ஆக்கப்பெற்றது. நாம் விட்டுச்செல்லும் நெகிழிப்பை விலங்கின் வயிற்றுக்குள் செல்லும். உடைத்தெறியும் கண்ணாடிப் புட்டி யானையின் காலில் தைக்கும். வாய் திறந்து முறையிட இயலாத உயிர்களிடத்து நாம் நடந்துகொள்ளும் முறையே நம் ஒழுக்கத்தின் கடுந்தேர்வு.

பணிசெய்வோரும் பணிபெறுவோரும்

பொதுவெளியை நமக்காகக் காத்து நிற்போரிடம் நாம் காட்டும் மதிப்பும் எண்ணத்தக்கது. விடியுமுன் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளரை ஒருமையில் விளிக்கும் நாவு, அலுவலரைக் கண்டதும் பன்மைக்கு மாறுகிறது. அரசு மருத்துவமனையில் நீண்ட வரிசையைத் தனியொருவராய் எதிர்கொள்ளும் செவிலியர்மீது சினம் பாய்கிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று.

மதிப்பு ஒருவழிப் பாதையும் அன்று. பணிபெற வருவோரும் மதிக்கப்படல் வேண்டும். 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் அரசு நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். கட்டணம் என்னும் தடை நீங்கிய இடத்தில் ஏளனம் என்னும் தடை எழுந்துவிடலாகாது. கட்டணமில்லாப் பயணச்சீட்டை வாங்கும் கைக்கும், காசு கொடுக்கும் கைக்கும் இடையே வேறுபாடு காட்டினால் அத்திட்டத்தின் நோக்கம் பாதியிலேயே இறங்கிவிடும். கைப்பிடியைத் தேடும் பார்வையற்றவரும், சக்கர நாற்காலியில் காத்திருப்பவரும், இடமின்றித் தவிக்கும் திருநங்கையும் இரக்கத்தை நாடி நிற்பவரல்லர். உரிமையோடு வந்த குடிமக்கள்.

மாணவர்களே! ஓர் ஊரின் நாகரிகத்தை அதன் கோபுர உயரத்தைக்கொண்டு மட்டும் அளத்தல் இயலாது. இரவு ஒன்பது மணிக்கு அவ்வூர்ப் பேருந்து நிலையத்தில் தனியே நிற்கும் பெண்ணின் முகத்தைக்கொண்டும் அளக்கலாம். அம்முகத்தில் அச்சம் இல்லையெனில் அவ்வூர் உயர்ந்தது. அந்த அளவையில் நம் ஊர் எவ்வளவு உயரம் என்பதை முடிவு செய்வோர், அவளுக்கு அருகில் அதே பேருந்துக்காகக் காத்திருக்கும் நாமே.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் பொதுவிடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள பாதுகாப்புக் குறைகளைச் சுட்டி நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.

2. ‘நூலகத்தின் மௌனமும் பேருந்தின் மௌனமும்’ – இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘முட்டுக்கட்டை’ என்பதுபோல, வழக்கில் பழிப்பாகவும் தொழிலில் பயனாகவும் அமையும் சொற்கள் மூன்றினைத் தொகுத்து விளக்குக.