முட்டியை மடக்க யார் காசு கொடுப்பார்?

தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தவருக்கு முட்டி பழையபடி மடங்க மூன்று நான்கு மாதமாவது பயிற்சி வேண்டும். விழுப்புரத்தில் நான் நடத்தும் சின்ன பிசியோதெரபி கிளினிக்குக்கு அப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் பைக்கில் போய் அடிபட்டவர்கள். பலர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள்.

உயிரைக் காப்பாற்றுவதில் நாம் நிறையவே முன்னேறியிருக்கிறோம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாளைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சையை அறிவித்தது. எட்டாம் நாள்? தையல்கூடப் பிரித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் நம்பியிருப்பது இழப்பீட்டு வழக்கைத்தான். எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, பில் கட்டு எல்லாம் வக்கீலிடம் போகும். தீர்ப்பு நிதானமாக வரும். மருத்துவச் செலவும் அதில் கிடைக்கும், முதலில் கைக்காசு போட்டு ரசீது வைத்திருந்தால். வேலை நின்றுபோன கொத்தனார் அந்தக் காசுக்கு எங்கே போவார்?

இழப்பீட்டுக்கு ஊன சதவீதம் முக்கியம். “மெடிக்கல் போர்டு போறவரைக்கும் ரொம்ப மடக்க வேணாம்னு சொல்றாங்க மேடம்” என்று என்னிடமே ஒரு பையன் சொன்னான். திட்ட வாய் வரவில்லை. மடங்காத முட்டிக்குக் காசு உண்டு, மடக்குவதற்கு இல்லை என்றால் அவன் கணக்கில் என்ன தப்பு?

தானாகச் சறுக்கி விழுந்தவர் பாடு இன்னும் மோசம். தேர்டு பார்ட்டி பாலிசி அவருக்கு உதவாது. 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆஸ்பத்திரி பில்லுக்கு அல்ல. பாலிசி போடும்போது இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 164ஏ பிரிவின்படி, இடைக்கால நிவாரணத்துக்கு மத்திய அரசு திட்டம் வகுக்கலாம். அதில் பிசியோதெரபியைச் சேர்க்கட்டும். அரசு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் காப்பீட்டு நிறுவனம் மாதாமாதம் நேரடியாகக் கட்டட்டும்; இறுதித் தீர்ப்பில் கழித்துக்கொள்ளட்டும். எழுந்து வேலைக்குப் போய்விட்டவருக்குத் தர வேண்டிய தொகையும் குறையுமே. தானாக விழுந்தவருக்கு, தனிநபர் காப்பீட்டிலேயே இந்தச் செலவைச் சேர்க்க வேண்டும். பிரீமியம் ஏறும்தான். ஷோரூமில் சீட் கவருக்கும் கிராஷ் கார்டுக்கும் யோசிக்காமல் கொடுக்கிற பணத்துக்குள் அது அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன்.