சாடியைக் கழுவியவர் யார்?

வடகிழக்கிந்தியாவின் அரிசிக் கள் பற்றி வெளிவரும் ஆய்வுக்கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. புளிக்கவைக்கும் மாவு அடையில் எத்தனை மூலிகைகள், அவற்றின் தாவரவியற் பெயர்கள் என்ன, எந்த ஈஸ்ட், எந்த லாக்டிக் பாக்டீரியா, ஆல்கஹால் எத்தனை விழுக்காடு. மிசிங் மக்களின் அபோங், திமாசா மக்களின் ஜூதிமா, அகோம் மக்களின் சாஜ் எனப் பெயர் மாறும், வாய்பாடு மாறாது. கலத்தைக் கழுவுவது பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். 'பாத்திரம் நன்கு தூய்மை செய்யப்படுகிறது' என்னும் அந்தச் செயப்பாட்டுவினையில் வேலையும் அதைச் செய்யும் பெண்ணும் ஒருசேர மறைந்துபோகிறார்கள்.

இது புதிய பழக்கமன்று. பெரும்பாணாற்றுப்படை அரிசிக் கூழை அகன்ற வாயுடைய பிழாவில் ஆற்றுவதையும், அடை கலப்பதையும், இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிடுவதையும் நுணுக்கமாகச் சொல்கிறது. வீட்டில் ஆக்கிய அரிசிக் கள்ளுக்குத் 'தோப்பி' என்றொரு தனிச்சொல்லும் அந்நூலில் உண்டு. (இன்றைய நாளிதழ்கள் அதே பொருளுக்கு 'அரிசிச் சாராயம்' என்று எழுதுவது பிழை. வடித்தெடுத்தது சாராயம், புளிக்கவைத்தது கள்.) அத்தனை நுணுக்கத்துக்கு நடுவிலும் சாடியைக் கழுவியவர் இல்லை. புலவரை மன்னிக்கலாம்; அவர் ஆய்வு நிதி பெற்றவரல்லர்.

கழுவுதல் சில்லறை வேலை என்ற எண்ணத்தை நொதித்தல் அறிவியலே ஏற்காது. பாஸ்டர் 1876இல் வெளியிட்ட பீர் பற்றிய நூலின் மையமே, பீருக்கு வரும் 'நோய்கள்' வேண்டாத நுண்ணுயிர்களால் வருகின்றன என்பதுதான். புட்டியின் உட்சுவரில் காய்ந்து ஒட்டிய மெல்லிய படலம் போதும். அதில் தங்கிய காட்டு ஈஸ்ட், நல்ல ஈஸ்ட் விட்டுவைத்த சர்க்கரையையும் தின்று வாயுவை உண்டாக்கும். மூடிய புட்டி வெடிக்கும். கழுவுதல் வேறு, கிருமி நீக்கல் வேறு. அழுக்குப் படலம் இருக்கும்வரை கிருமிநாசினி அதன் மேற்பரப்பைத்தான் தொடும். வீட்டில் பீர் ஆக்கும் எவரும் முதலில் கற்கும் பாடம் இது.

இப்போது இரு காட்சிகளை அருகருகே வைக்கவேண்டும். அமெரிக்காவில் வீட்டில் பீர் ஆக்குவது 1978இல் கூட்டாட்சிச் சட்டத்தால் அனுமதிக்கப்பட்டது. அங்கே கார்க்கொட்டகையில் ஒருவர் வாளி, நீர்மூழ்கிப் பம்பு, பிவிசி குழாய் மூன்றையும் கொண்டு புட்டி கழுவி செய்தால் அதற்குப் பெயர் கைவினை, கண்டுபிடிப்பு. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஹாண்டி என்னும் மண்கலத்தின் பெயரையே தம் கள்ளுக்கு ஹண்டியா என இட்டு வழங்கும் மக்களிடையே, ஒரு பெண் சாம்பலால் தேய்த்து, சுடுநீரில் அலசி, வெயிலில் கவிழ்த்தால் அதற்குப் பெயர் 'சுகாதாரமற்ற முறை'. சாம்பற்கரைசலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட். அமெரிக்கர் வாளியில் கரைக்கும் சோடியம் பெர்கார்பனேட் தண்ணீரில் சோடியம் கார்பனேட்டாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது. பெராக்சைடைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இரண்டிலும் வேலை செய்வது ஒரே காரம்தான். வேதியியல் ஒன்று, பெயர் இரண்டு. எந்தப் பெயர் யாருக்கு என்பதைச் சாதியும் வர்க்கமும் முடிவு செய்கின்றன.

உடனே எதிர்முகாமிலிருந்து ஒரு குரல் எழும்: மரபு அறிவு தன்னிறைவானது, அதற்கு இயந்திரம் எதற்கு? இந்தக் குரல் கருணையுடையது போலத் தோன்றும், ஆனால் முன்னதைவிட அதிகத் தீங்கு செய்வது. சாம்பலும் வெயிலும் அகன்ற வாயுடைய கலத்துக்குப் போதும், ஏனெனில் அங்கே கை நுழையும், கள்ளும் சில நாள்களில் தீர்ந்துவிடும். புட்டியின் கழுத்தில் கை நுழையாது. ஜூதிமா 2021இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. சந்தை என்றால் புட்டி; புட்டி என்றால் கழுவுதல். ஆலைக்கான கழுவும் இயந்திரத்தை வாங்க முடிந்தவர் முதலாளி ஆவார். முடியாதவர் அவரிடம் கூலிக்குப் புட்டி கழுவுவார். குறியீடு மக்கள் பெயரில் இருக்க, தொழில் கைமாறுவது இப்படித்தான் நிகழும்.

ஆகவே இன்று எழுதப்படவேண்டியது இன்னொரு நுண்ணுயிர்ப் பட்டியலன்று. ஒரு நல்ல புட்டி கழுவியின் வரைபடம். அது எளிதென்று நினைப்பவர் செய்து பார்க்கட்டும். நாட்டின் எந்தச் சிற்றூர் மின்கடையிலும் கிடைக்கும் ஏர்கூலர் பம்பு 18 வாட். ஏறத்தாழ 6 அடி உயரத்துக்குமேல் நீரைத் தூக்காது. அந்த அழுத்தத்தில் எழும் தாரை புட்டியை நனைக்கும், தேய்க்காது. எனவே தூய்மை செய்யவேண்டியது தாரையின் வேகமன்று. காரமும் வெப்பமும் நேரமும்தான். ஆனால் அந்தப் பம்பு குளிர்நீருக்காகச் செய்யப்பட்டது, சுடுநீரைத் தாங்காது. வெதுவெதுப்போடு நிறுத்தினால் எத்தனை நிமிடம் கூடுதலாக ஓடவேண்டும்? கவிழ்த்த புட்டிகளுக்குள் நிற்கும் ஆறு குழாய்களின் துளைகளை அகலமாக்கினால் தாரை சோர்ந்து கடைசிப் புட்டியின் அடியை எட்டாது. குறுக்கினால் சோற்றுப் பருக்கையின் நார் அடைக்கும். பம்பின் வாயில் எந்த வலை? சாதாரணப் பிவிசி ஏறத்தாழ 60 டிகிரியில் இளகும், சிபிவிசி தாங்கும், ஆனால் விலை கூடும். ஈரத்தரையில் மின்கசிவுத் துண்டிப்பான் இன்றி எவர் கையிலும் இதைக் கொடுக்க முடியாது. மின்சாரம் நின்றால் மிதி பம்புக்கு மாற்ற வழியுண்டா? இவை ஒவ்வொன்றும் அளந்து விடைகாண வேண்டிய கேள்வி. முனைவர் பட்டத்துக்கு இவை தகாது என்பவர், தாவரப் பெயர்ப் பட்டியல் ஏன் தகும் என்பதை விளக்கக் கடமைப்பட்டவர்.

பல்கலைக்கழகம் மதுவுக்குத் துணைபோகலாமா என்ற கேள்வியும் வரும். கலால் மாநிலங்களின் அதிகாரம். சொந்தத் தேவைக்கும் சடங்குக்கும் பழங்குடியினர் ஆக்கும் கள்ளுக்குப் பல மாநிலங்கள் விலக்கு அளித்துள்ளன. விலக்கு இல்லாத இடத்தில் சட்டத்தை மீறச் சொல்வது யாருடைய நோக்கமும் அன்று. அசாமில் 2019 பிப்ரவரியில் கோலாகாட், ஜோர்ஹாட் மாவட்டங்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட 150 பேருக்கு மேல் மாண்டது நச்சுச் சாராயத்தால். அதைக் காட்டி அரிசிக் கள் ஆக்குபவளின் கலத்தை உடைப்பது கள்ளையும் சாராயத்தையும் ஒன்றாக்கும் அதே சொற்பிழையின் நீட்சி. மொழியியல் துறைகளுக்கு இதில் வேலையில்லை என்று யார் சொன்னது?

கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஹான்சன் 1883இல் தூய ஈஸ்டைப் பிரித்தெடுத்தபோது அந்நிறுவனம் அதைப் பூட்டி வைக்கவில்லை. போட்டி ஆலைகளுக்கும் கொடுத்தது. ஒரு மது ஆலைக்கு இருந்த அந்தத் தாராளம், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வகங்களுக்கு ஏன் வாய்க்கவில்லை? வரைபடம் திறந்த உரிமையில், அசாமியிலும் திமாசாவிலும் சந்தாலியிலும், உதிரிபாகங்களுக்கு உள்ளூர்க் கடையில் வழங்கும் பெயர்களோடு வெளிவரவேண்டும். வழிகாட்டும் பேராசிரியர்களில் எவரேனும் அடுத்த கல்வியாண்டில் ஒரு மாணவரை ஆறு குழாய்ச் சட்டத்தோடு ஹாஃப்லாங்குக்கு அனுப்பிப் பார்க்கட்டும். அதைக் கையில் வாங்கிக் குறை சொல்லித் திருத்தப்போகிறவர் இத்தனை காலம் கலத்தைக் கழுவிய பெண். அவர் பெயர் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் வருமா, நன்றியுரையின் கடைசி வரியில் ஒதுங்குமா என்பதை மாணவர் ரயிலேறும் முன்பே எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது நல்லது.