பல் பிடுங்கப் போனால் உயிர் போகணுமா?

தோழர்களே, வாணியம்பாடியை அதுக்குள்ள மறந்துட்டோமா?

திருப்பத்தூர் மாவட்டத்தில் 2022-23இல் காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல்னு பலர் மூளைத் தொற்றோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாங்க. அதில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே தனியார் பல் கிளினிக்குக்குப் போனவங்க. அந்த 10 பேரில் 8 பேர் இன்னிக்கு உயிரோட இல்லை.

காரணம் என்ன தெரியுமா? ஒரு சலைன் பாட்டில். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், ஐ.சி.எம்.ஆர். விஞ்ஞானிகளும், நம்ம பொதுசுகாதாரத் துறையும் சேர்ந்து கண்டுபிடிச்சது இது. ஈறை விலக்கும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்திருக்காங்க. சரியா மூடாம வெச்சு, அடுத்தடுத்த நோயாளிக்கும் அதையே ஊத்தியிருக்காங்க. சேற்றிலும் நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி அதில் இருந்திருக்கு. புது பாட்டில் ஒண்ணு என்ன விலை? நூறு ரூபாய்கூட வராது.

இந்த விவரம் ஊருக்குப் பரவலாத் தெரிஞ்சது எப்போ? 2025இல், ஆய்விதழில் கட்டுரை வந்து பத்திரிகைகள் எழுதின பிறகு!

சரி, யார் பார்த்திருக்கணும்? டாக்டரைப் பதிவு செய்வது பல் மருத்துவக் கவுன்சில். கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கிளினிக்குக்குப் பதிவு கொடுப்பது மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். இத்தனை பேர் இருந்தும் அந்த பாட்டிலை ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 1997இல். அதை அமலாக்கும் விதிகள் வந்தது 2018இல். 21 வருஷம் மாறி மாறி ஆண்டவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?

பல் டாக்டர்கள் எல்லாரையும் நாம குற்றம் சொல்லலை. கருவியை ஆட்டோகிளேவில் போட்டு, நம்ம கண்ணு முன்னாடி கவரைப் பிரிக்கிற நல்ல டாக்டர்கள் ஊருக்கு ஊர் இருக்காங்க. முறையா செலவு பண்ற அவங்களைவிட, சலைனில் மிச்சம் பிடிக்கிறவன் கம்மி ஃபீஸ் வாங்கி கூட்டம் சேர்க்கிறான். கண்காணிப்பு இல்லைன்னா முதல் நஷ்டம் அந்த நல்லவங்களுக்குத்தான்.

நமது கோரிக்கை இதுதான்: பதிவு கொடுக்கும் அலுவலகமே ஆண்டுக்கு ஒருமுறை முன்னறிவிப்பு இல்லாமல் ஒவ்வொரு பல் கிளினிக்குக்கும் போகணும். சலைன், ஆட்டோகிளேவ், கருவிகள் மூன்றையும் பார்க்கணும். அறிக்கையை கிளினிக் வாசலிலேயே ஒட்டணும். இறந்த 8 பேரின் குடும்பத்துக்கும் அரசு இழப்பீடு கொடுக்கணும்.

தோழர்கள் இந்த வாரம் உங்க ஊர் கிளினிக்கில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி, கமெண்டில் போடுங்க.

#பல்கிளினிக்_ஆய்வு_எங்கே