சும்மா இருக்கிறேன், அதனால் என்ன?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். படிக்காமல் லைக் போட்டுவிட்டுப் போகவேண்டாம். வாசிக்காத தாளில் கையெழுத்துப் போடக்கூடாது என்று நாலாம் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நான் பணி ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "சும்மாவா இருக்கீங்க?" என்பதுதான். கேட்டதோடு விடுவதில்லை, யோசனையும் சொல்கிறார்கள். ஒருவர் கோச்சிங் சென்டரில் இடம் பேசி வைத்திருக்கிறார். மருமகன் முறை உள்ள ஒருவர், முற்றத்துக்குப் பேவர் பிளாக் போட்டு, புறவாசலில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடச் சொல்கிறார். போன வாரம் ஒரு போன்: "பெரியப்பா, ரோச் பூங்கா பக்கம் தூண்டில் போட்டுக்கிட்டு நின்னீயளாம்லா. வாத்தியாரா இருந்த மனுசன். நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாவ?"

எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோச்சிங் சென்டர். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, காத்திருந்து இடைநிலை ஆசிரியர் ஆனவன். ஓய்வு வயது 58 என்று இருந்தது. 2020 மே மாதம் 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். எனக்கு இரண்டு வருஷம் கூடுதல் சம்பளம். நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு வருஷம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அதே நேரத்தில், 2013-ல் தகுதித் தேர்வு எழுதி ஜெயித்தவர்கள் வேலை கேட்டுச் சென்னையில் வெயிலில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் என் மாணவர்களும் உண்டு. 2022-ல் தற்காலிக இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். பென்ஷன் வாங்குகிற என்னால் அந்த மாதிரிச் சம்பளத்துக்குச் சிரித்துக்கொண்டே போய் உட்கார முடியும். கல்யாண வயதில் இருக்கிற பிள்ளையால் முடியுமா? தனியார் பள்ளிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மலிவாக ஒரு கிழவன் கிடைக்கும்போது அவர்கள் ஏன் இளம்பிள்ளைக்குக் கூட்டிக் கொடுக்கப் போகிறார்கள்? "அனுபவம் வீணாகுதே சார்" என்கிறீர்கள். பாடத்தில் சந்தேகம் என்று எந்தப் பிள்ளை வந்தாலும் என் திண்ணை திறந்துதான் இருக்கிறது, காசு வாங்குவதில்லை. நாற்காலியில் போய் உட்காருவது வேறு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. அவர்கள் நாளைக்கு ஓய்வுக்குப் பிறகும் வேலைக்குப் போனால் நான் வாயே திறக்கமாட்டேன். தேவைக்குப் போகிறவர்களை நான் சொல்லவில்லை. மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிற என்னைப் போன்றவர்களைத்தான் சொல்கிறேன்.

இனி தூண்டில். இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் வேலையைக் கேவலம் என்கிறீர்கள்? கொற்கை காலத்திலிருந்து இந்தக் கரைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே, இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியவர்கள்தான். வெள்ளைக்காரன் ஆட்சியில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் அவர்களுக்கு, மீதி சர்க்காருக்கு. முத்துக் குளிப்பு நடந்ததும் பெரும்பாலும் இதே பங்குனி, சித்திரையில்தான். கச்சான் காற்று கிளம்பும் முன்பு கடல் அடங்கிக் கிடக்கும் காலம் இது. அதுவும் வருஷா வருஷம் நடக்காது. பாரில் இறங்கிச் சிப்பியை எடுத்துப் பார்ப்பார்கள். விளையவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுவார்கள். சில சமயம் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். நம் பக்கம் கடைசியாக நடந்தது 1961-ல். சிப்பியைச் சும்மா விடத் தெரிந்த ஊர் இது. ஏன், இன்றைக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டு மீனுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். மீனுக்குக் கிடைப்பது வாத்தியாருக்குக் கிடைக்கக்கூடாதா?

"ஒழுங்கா படிக்கலைன்னா வலை இழுக்கத்தான் போவே." இந்த வாக்கியத்தை நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் எத்தனை வாய் சொல்லியிருக்கிறது! அதைக் கேட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் திரேஸ்புரத்துப் பையன். அவன் அப்பா அன்று விடியற்காலையில் வள்ளத்தில் போய்க் கொண்டுவந்த காசில்தான் அவன் நோட்டுப் புத்தகம் வாங்கியிருப்பான். அப்பாவின் வேலையைத் தண்டனை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று கேட்டால் என்ன நியாயம்? இதற்காக ஆசிரியர் அறையில் நான் போட்ட சண்டைகள் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வாக்கியத்தின் வால்தான் இப்போது எனக்கு வந்த போன்.

எனக்குத் தூண்டில் கட்டக் கற்றுக்கொடுத்தவன் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவன். பேர் சொன்னால் வெட்கப்படுவான். தங்கூசியில் முடிச்சு எனக்குச் சரியாக விழவே இல்லை. நான்காவது தடவையும் அவிழ்ந்ததும், "சார், இதை நூறு தடவை இம்போசிஷன் எழுதணும் போலிருக்கே" என்றான். சந்தோஷமாக எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறால் துண்டைக் கோத்து, ஈயத்தைக் கட்டி வீசிவிட்டு நிற்கும்போது, மீன் கடிக்கிறதா அலை இழுக்கிறதா என்று விரல்தான் சொல்லவேண்டும். அதற்கே எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கிடைப்பது பெரும்பாலும் ஊடகம், கெளிறு. நல்ல நாளில் ஒரு விளமீன். கெளிறின் முள் குத்தினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.

பேவர் பிளாக் மருமகனுக்கு ஒரே ஒரு வரி: 2023 டிசம்பர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர். என் ஒரு முற்றம் அந்த வெள்ளத்தைக் குடித்திருக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் அதைப் பார்த்த கண்ணால் இருக்கிற மண்ணையும் மூடச் சொல்வது எப்படி? புறவாசலில் முருங்கை இரண்டு, வேம்பு ஒன்று, ஒரு எலுமிச்சை, அவள் ஆசைக்கு ஒரு பிச்சிக்கொடி. போர் தண்ணீர் உப்பு, அதனால் குளித்த தண்ணீரையும் அரிசி கழுவிய தண்ணீரையும் வாளியில் சேர்த்து ஊற்றுகிறோம். மீன் கழிவெல்லாம் முருங்கைத் தூருக்குத்தான். மம்பட்டி பிடித்துக் கையில் காய்த்திருக்கிறது. வேம்பு பூத்துக் கொட்டுகிறது. பேரன் அந்தப் பூவைப் பெருக்கி முறத்தில் சேர்க்கிறான், அவன் பாட்டி அதைக் காயவைத்து ரசத்துக்கு டப்பாவில் அடைக்கிறாள். வேலை பார்த்த காலமெல்லாம் காலை ஏழரைக்கு நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஓடியவன், இப்போது அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். இதையெல்லாம் இடித்துவிட்டு வரும் வாடகை எவ்வளவு, மருமகனே?

முருங்கை இரண்டும் காய்த்துத் தொங்குகின்றன. எங்கள் இருவருக்கும் பத்துக் காய் போதும். பக்கத்தில் இருப்பவர்கள் பை கொண்டு வாருங்கள். ஞாயிறு சாயங்காலம் மட்டும் வேண்டாம், கடற்கரையில் இருப்பேன்.